தலையில் அடிபட்டவர் வெளியே வரவேண்டும்

வடமராட்சியில் மூத்த மகனாகப் பிறந்து, மெல்பேணில் ஆளாகி, ஒக்லாந்தில் கண்மூடிய என் அண்ணாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வந்திருக்கிறீர்கள். இந்த நினைவு மலரில் அண்ணாவைப் பற்றி நான் எழுதவேண்டும் என்று அண்ணி கேட்டுக்கொண்டார். பெரியப்பாவும் ஒரு வார்த்தை சொன்னார்.

"பிள்ளை, உந்தப் பந்தடிச்ச கதையை ரெண்டு வரியில முடி. எயார்போட்டில நல்ல உத்தியோகம் பாத்தவன் எண்டு வடிவா எழுது."

அண்ணா விமான நிலையத்தில் சரக்கு ஏற்றி இறக்கினார். அந்த வேலையை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. நானும் மறைக்கப் போவதில்லை. பந்தடித்த கதையையும் இரண்டு வரியில் முடிக்கமாட்டேன். மரண அறிவித்தலில் 'மாரடைப்பு' என்று போட்டபோது வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அது போதும்.

நாட்டில் பிரச்சினை தொடங்கியபோது அப்பா அண்ணாவை மெல்பேணில் இருந்த சித்தப்பாவிடம் அனுப்பினார். பதினேழு வயது, அரைகுறை ஆங்கிலம், ஒரு பெட்டி. தொழிற்சாலையில் கூட வேலை செய்தவர்கள் ஆள் குறைந்த ஒரு சனிக்கிழமை அவரை மைதானத்துக்கு இழுத்துப்போனார்கள். முட்டை வடிவப் பந்து, இரு பக்கமும் நான்கு நான்கு கம்பங்கள், பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். அவுஸ்திரேலியன் ரூல்ஸ் என்ற அந்த உதைபந்தாட்டத்தில் ஆளின் மேல் ஆள் ஏறியும் பந்தைப் பிடிக்கலாம். அண்ணா உயரமானவர் அல்லர். ஆனால் பந்து தலைக்கு மேலால் போகும்போது, எதிரே யார் வருகிறார் என்று பாராமல், பந்தை மட்டும் பார்த்தபடி பின்னோக்கி ஓடிப் பிடிப்பார். அந்த ஆட்டத்தில் அதைத்தான் வீரம் என்பார்கள். கிளப்பில் ஒரே கறுத்தப் பொடியன் அவர். முதல் வருடம் பெயர் சொல்லிக் கூப்பிடாதவர்கள் மூன்றாம் வருடம் தோளில் தூக்கினார்கள்.

அண்ணியை மணந்து ஒக்லாந்துக்கு வந்து பாபடோயிட்டோயில் குடியேறினார். றக்பியைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாத நாட்டில், கிரிக்கெட் மைதானத்தை இரவல் வாங்கி அதே ஆட்டத்தை விளையாடும் ஒரு சின்னக் கிளப்பைத் தேடிப் பிடித்தார். எங்கள் ஆட்களுக்கு அது என்ன விளையாட்டு என்றே விளங்கவில்லை. "கிரிக்கெட் எண்டாலும் பரவாயில்லை, இதென்ன கோழிச்சண்டை?" என்று கோயிலில் வைத்துச் சிரித்தார்கள். இன்று அதே ஆட்கள் 'விளையாட்டு வீரன்' என்று முகநூலில் எழுதியிருக்கிறார்கள். வாசித்தேன். நன்றி சொல்ல மனம் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், பந்தை நோக்கி ஓடி வந்த ஒருவரின் இடுப்பு அண்ணாவின் நெற்றியில் இடித்தது. சில நிமிடம் விழுந்து கிடந்துவிட்டு எழும்பி மீதி ஆட்டத்தையும் விளையாடினார். பின்னேரம் எங்களையெல்லாம் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு கலியாண வீட்டுக்குப் போனார். போகிற வழியில் என்னிடம், "இண்டைக்கு ஆருடைய கலியாணம்?" என்று கேட்டார். சொன்னேன். பத்து நிமிடம் கழித்துத் திரும்பவும் அதையே கேட்டார். காரில் இருந்த எல்லோரும் சிரித்தோம். நான்தான் பலமாகச் சிரித்தேன். அப்படி எத்தனை சனிக்கிழமைகள் போயின என்று யாரும் எண்ணவில்லை.

கால் ஓடாத வயதில் அதே கிளப்புக்குப் பயிற்சியாளர் ஆனார். முதலில் அவரும் மற்றவர்கள் போலத்தான். "எழும்பு, ஒண்டுமில்லை" என்று கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிற ஆள். ஒருமுறை அடிபட்ட ஒருவரை அப்படியே திரும்ப உள்ளே அனுப்பினார். ஆட்டம் முடிந்து உடுப்பு மாற்றுகிற அறையில் அடிபட்டவர் தன்னைக் கூட்டிப்போக வந்த தாயைப் பார்த்து, நீங்கள் யார் என்று கேட்டாராம். ஒரு மணித்தியாலத்தில் அவருக்குத் தெளிந்துவிட்டது. அண்ணாவுக்குத் தெளியவில்லை. அடுத்த நாள் தனியாக அந்த வீட்டுக்குப் போய்த் தாயிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அந்தக் கிழமையிலிருந்து ஒரே சட்டம்: தலையில் அடிபட்டவர் வெளியே வரவேண்டும். அன்றைக்குத் திரும்ப உள்ளே போகக்கூடாது. யாராக இருந்தாலும் சரி, எந்த ஆட்டமாக இருந்தாலும் சரி.

அந்தச் சட்டத்தால் இறுதி ஆட்டமொன்றே போனது. கடைசிக் கால்மணி நேரத்தில் கிளப்பின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கு நெற்றியில் முழங்கை பட்டது. அவர் கெஞ்சினார், கூட்டம் கத்தியது, அண்ணா அவரை வெளியே இருத்தினார். ஒரே ஒரு உதையில் தோற்றார்கள். கிளப்பில் சிலர் ஒரு வருடம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அதை நான் பொறுப்பேன், அவர்களுக்கு அந்தக் கிண்ணம் பெரிது. வாழ்நாளில் ஒரு ஆட்டமும் பார்க்காத பெரியப்பா எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு, "வெண்ட மாட்சை விட்டுட்டு வந்த விசரன்" என்றார். அண்ணா சோற்றைப் பிசைந்தபடி, "ஓம் பெரியப்பா" என்றார். எனக்குத்தான் கோபம் வந்தது. ஆனாலும் அவருக்கும் நான்தான் சோறு போட்டேன்.

ஐம்பத்தைந்தில் மறதி தொடங்கியது. மறதி மட்டுமல்ல, இல்லாத கோபமும் வந்தது. குரல் உயர்த்தாத மனிதர் கறிக்கு உப்பில்லை என்று சாப்பாட்டுக் கோப்பையை எறிந்தார். ஒருநாள் பின்னேரம் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தங்கச்சி, நான் ஆல்பனியில நிக்கிறன். ஏன் வந்தனான் எண்டு தெரியேல்ல."

விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் பத்து நிமிடம். அவர் நகரத்தைக் கடந்து, பாலத்தையும் கடந்து மறுகரைக்குப் போயிருந்தார். நான் ஏவன்டேலில் என் வீட்டிலிருந்து ஓடிப்போனபோது கடைத்தொகுதியின் கார் தரிப்பிடத்தில், காருக்குள் பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் இருந்தார். ஊருக்கு 'ஸ்ட்ரெஸ்' என்று சொன்னோம். மகளுக்குக் கலியாணம் பேசுகிற வயது, தகப்பனுக்கு மூளையில் வருத்தம் என்று வெளியில் தெரியலாமா என்று உறவுகள் புத்தி சொன்னார்கள். நாங்களும் கேட்டோம்.

மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார்: தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டதால் வருகிற நோயாக இருக்கலாம், உயிரோடு இருக்கும்போது நிச்சயமாகச் சொல்லமுடியாது, இறந்தபின் மூளையை ஆராய்ந்தால்தான் தெரியும். தெளிவாக இருந்த ஒரு காலையில் அண்ணா மூளையைக் கொடுப்பதற்கான படிவத்தை வரவழைத்தார். குசினி மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். அண்ணியும் நானும் பக்கத்தில் இருந்தோம்.

"நான் போனாப் பிறகு எடுத்துப் பாக்கட்டும். என்ரை பிள்ளையளுக்குத் தெரியவேணும், தங்கச்சி. நான் உள்ளுக்கு அனுப்பின பிள்ளையளுக்கும்."

கிளப்பில் விளையாடிய அத்தனை பேரும் அவருக்குப் பிள்ளைகள்தான். சொந்த மகள் தாரணியும் அதே கிளப்பின் பெண்கள் அணியில் விளையாடுகிறாள்.

கடைசி மாதங்களில் சேர்த்திருந்த பராமரிப்பு இல்லத்தில், நெஞ்சில் சளி கட்டி, ஒரு காலை எட்டு மணிக்கு அண்ணா போனார். பத்து மணிக்கு வீடு நிறைந்துவிட்டது. அண்ணா நோயாய் இருந்த மூன்று வருடத்தில் எட்டிப் பார்க்காதவர்களும் வந்து கதிரை பிடித்தார்கள். தாரணி இறுதிச் சடங்கு ஒழுங்குகளைப் பேசப் போயிருந்தாள். மத்தியானம் மூளையை ஆராயும் ஆய்வுகூடத்திலிருந்து அழைப்பு வந்தது. அண்ணாவின் கையெழுத்து இருக்கிறது, ஆனாலும் குடும்பத்தின் சம்மதம் வேண்டும், இன்றைக்கே வேண்டும் என்றார்கள். அண்ணி விறைத்துப்போய் இருந்தார். "நீ கதை" என்று தொலைபேசியை என் கையில் தந்தார்.

பெரியப்பா எழும்பி நின்றார். "முழு உடம்பாத்தான் அனுப்பவேணும். தலையை வெட்டின பிரேதத்துக்கு ஐயர் கிரியை செய்யமாட்டார். நாளைக்கு ஊர் என்ன கதைக்கும்?"

"ஓம், ஐயர் செய்யமாட்டார்," என்று இன்னொருவர். "சொர்க்கம் கிடைக்காது," என்று இன்னொருவர். பத்து வாய்கள். மறுமுனையில் ஒரு பெண் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தாள். குடும்பத்துக்கு விருப்பமில்லை என்று அவளிடம் சொன்னேன். மன்னிக்கவும் என்றும் சொன்னேன். அவள் நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

தாரணி திரும்பி வந்து முதலில் கேட்டது, ஆய்வுகூடத்திலிருந்து அழைத்தார்களா என்றுதான். "மாமி, டிட் தே கோல்?"

"ஓம்."

"வட் டிட் யூ சே?"

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே போய்க் கதவைச் சாத்தினாள்.

போன கிழமை, அந்தியேட்டிக்கு வேண்டிய சாமான்களைக் கேட்டு எழுத ஐயரிடம் போனேன். எழுதி முடித்து எழும்பும்போது கேட்டேன், ஆராய்ச்சிக்கு மூளையைக் கொடுத்திருந்தால் கிரியை செய்திருக்கமாட்டீர்களா என்று.

"ஏன் செய்யாமல்? போன வருஷமும் கண் குடுத்த ஒருத்தருக்குச் செய்தனான். அது தானம் எல்லே பிள்ளை. ஆரும் என்னட்டைக் கேக்கேல்லையே."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி விட்டிருப்பார், நாங்கள்தான் விடவில்லை. அந்த அறையில் அத்தனை பேர் ஐயர் பெயரைச் சொன்னோம். அத்தனை பேர் பையிலும் தொலைபேசி இருந்தது. ஐயரின் இலக்கமும் இருந்தது. ஒருவர்கூட எடுத்துக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நன்றி சொல்லவேண்டியவர்களுக்குச் சொல்கிறேன். மூன்று வருடம் எறிந்த கோப்பைகளைப் பொறுக்கிய அண்ணிக்கு. பராமரிப்பு இல்லத்தில் அண்ணாவைக் குளிப்பாட்டிய திருநெல்வேலிப் பெண் செல்விக்கு; "கோச், டீம் ரெடியா நிக்குது, வாங்க" என்று அவள் சொன்னால் மட்டும்தான் அவர் கட்டிலை விட்டு எழும்புவார். கிளப் சீருடையோடு வந்து பெட்டியைத் தூக்கிய பிள்ளைகளுக்கு. சீருடை மரியாதையில்லை என்று அவர்களை வாசலில் மறித்தவர்களுக்கு என் நன்றி இல்லை.

தாரணி என்னோடு இன்னும் கதைப்பதில்லை. இரண்டு கிழமைக்கு முன் ஆட்டத்தில் அவளுக்குத் தலையில் அடிபட்டது. தானாகவே வெளியே வந்து இருந்தாளாம். அன்று பின்னேரம் அண்ணி தொலைபேசியில் அழுதார். "இவளுக்கும் அப்பிடி வருமோ? அவருக்கு வந்தது அதுதானோ?" என்று கேட்டார். அதற்கான பதிலைத் தன் தலைக்குள்ளிருந்து எடுத்து எங்களுக்குத் தரச்சொல்லி அண்ணா கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். நான் வேண்டாம் என்று சொன்னேன். அடுத்த நாள் அண்ணாவோடு அதையும் எரித்துவிட்டோம்.

இப்படிக்கு,
தங்கை