இடம் மாறிய முளைகள்

மலைநாட்டில் பன்விலை என்ற ஊருக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் பிரேமிளா இருபத்தாறு வருடம் கொழுந்து பறித்தார். கழுத்தெலும்பு தேய்ந்து கூடை சுமக்க முடியாமல் போனபிறகு அவருக்குக் கிடைத்த வேலை விசித்திரமானது. மாதம் ஒருமுறை மலையேறிக் காட்டை அளக்க வேண்டும்.

வேலை கொடுத்தவர் அக்குறணையைச் சேர்ந்த ஷிபானா, பல்கலைக்கழக ஆய்வாளர். தேயிலை முடிகிற இடத்தில் மானாப்புல் மண்டிய பத்தனை என்கிற மலைப்புல்வெளி. அதற்கு மேலே பனிமூட்டம் விலகாத காடு. இரண்டும் சந்திக்கும் ஓரத்தில் ஷிபானா நாற்பது இரும்பு முளைகளை அடித்திருந்தார். ஒவ்வொரு முளையிலிருந்தும் மரக்கன்றுகள் எவ்வளவு தூரம் புல்லுக்குள் இறங்கியிருக்கின்றன என்று அளந்து எழுதுவதுதான் பிரேமிளாவின் வேலை.

எட்டாவது மாதம் ஷிபானா தொலைபேசியில் அழைத்தார்.

"அக்கா, ஒரு விஷயம் கேக்கணும். கோவிக்க வேணாம். நீங்க மேல போய்த்தானே அளக்கிறீங்க?"

"ஏன் மிஸ், அட்டை கடிச்ச காலைக் காட்டணுமா?"

"பதினொரு முளையில காடு ஒரு மீட்டருக்கு மேல இறங்கினதா எழுதியிருக்கீங்க. காடு நடந்து வருமா அக்கா?"

பிரேமிளாவுக்கு முகம் சுட்டது. அந்த முளைகள் செடிகளுக்கு உள்ளே போயிருந்ததை அவர் கண்ணால் பார்த்திருந்தார். காடுதான் வந்து மூடிவிட்டதென்று நம்பியுமிருந்தார்.

புதன்கிழமை ஷிபானா சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். இருவரும் மலையேறினார்கள். பதினேழாம் முளைக்குக் கொஞ்சம் கீழே ஒரு சின்னக் குழி பிரேமிளாவின் கண்ணில் பட்டது. குனிந்து புல்லை விலக்கினார். விரல் நுழையும் அளவில் வட்டமான ஓட்டை. முளையைப் பிடுங்கி அதில் இறக்கிப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது.

காடு நகரவில்லை. முளைதான் மேலே போயிருந்தது.

ஷிபானா அவரை ஏறிட்டுப் பார்த்த பார்வை பிரேமிளாவுக்குப் பிடிக்கவில்லை. 'இவங்ககிட்டப் படிக்கிற பிள்ளைகளும்தானே ரெண்டு தடவை மேல வந்துட்டுப் போனாங்க' என்று அவர் மனமும் பதிலுக்குச் சந்தேகித்தது. ஆனால் அடுத்த ஓட்டைக்குப் பக்கத்தில் காயாத சாணி கிடந்தது. இவ்வளவு உயரத்துக்கு மாடு ஓட்டி வருகிறவர் ஒருவர்தான், பழைய தோட்டக் காவல்காரர் சேதுராமன். ஷிபானாவிடம் அதைச் சொல்லாமல், பிரேமிளா பின்னேரம் தனியாக சேதுராமனின் லயத்து வீட்டுக்குப் போனார்.

"ஆமா, நான்தான்," என்றார் சேதுராமன், மாட்டுக்குத் தண்ணி வைத்தபடியே. "முன்ன ஒரு தடவை இப்படித்தான் முளை அடிச்சாங்க. மறு வருசம் என் மரக்கறித் தோட்டம் காட்டு எல்லைக்குள்ள போச்சு. முளைக்கு அங்கிட்டு காடு, இங்கிட்டு புல்லு. மேல தள்ளுனா நமக்குப் புல்லு கூடும்ல?"

"அய்யோ அண்ணே! நீங்க மேல தள்ளத் தள்ள, காடு கீழ வருதுன்னுல்ல நான் எழுதிக் குடுத்திருக்கேன்!"

அவர் வாளியைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்: "சரி, அந்த அளவ வச்சுக்கிட்டு அந்தப் பொம்பள என்ன செய்யப் போறா? உனக்குத் தெரியுமா?"

பிரேமிளாவுக்குத் தெரியாது. எட்டு மாதத்தில் ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

மறுநாள் காலை பன்விலை பஸ் தரிப்பிடத்தில் ஷிபானாவைப் பிடித்தார். "முளைய நகத்துனது யாருன்னு நான் சொல்ல மாட்டேன் மிஸ். ஆனா எனக்கு ஒன்னு தெரியணும். இந்த அளவு யாருக்குப் போகுது?"

ஷிபானா பையிலிருந்து உலக வரைபடத்தை எடுத்து விரித்தார். பாலைவனம், பனிநிலம், மழைக்காடு, புல்வெளி, கடல் எல்லாம் வெவ்வேறு நிறத்தில் இருந்தன. "ஆப்பிரிக்காவில இந்த மஞ்சளைப் பாருங்க. எல்லாம் புல்லு. அதுக்கெண்டே பறவை இரிக்குது, பூச்சி இரிக்குது. காட்டுக்குள்ள அதுகளுக்குப் பிழைக்க ஏலாது. ஆனா புல்லைக் கண்டா, இது கெட்டுப்போன காடு, மரம் நடணும் எண்டு சொல்ற ஆக்கள் நிறைய. நம்மட பத்தனை ஆதியிலேயே புல்லா, காடா இருந்து கெட்டதா எண்டு எனக்கே சரியாத் தெரியா. அதைத்தான் தேடுறேன்."

"அப்ப மாடு மேய விடுவாங்களா?"

"அதுக்கு வாக்குக் குடுக்க என்னால ஏலாது அக்கா. அளவு வெளிய போன பிறகு யார் என்ன செய்வாங்க எண்டு தெரியா."

விடுவார்கள் என்று சொல்லியிருந்தால் பிரேமிளா நம்பியிருக்க மாட்டார். இது பிடிக்காத பதில்தான், ஆனால் பொய்யில்லை என்று அவருக்குப் பட்டது.

அந்தப் பதினொரு முளைகளின் அளவுகளையும் ஷிபானா நீக்கிவிட்டார். முளைகள் பழைய ஓட்டைகளுக்குத் திரும்பின. சேதுராமனுக்கு மட்டும் சமாதானம் வரவில்லை. "நீங்க என்ன எழுதுறீங்கன்னு யாரு கண்டா? டேப்போட மறுநுனிய நான் பிடிக்கிறேன்," என்று ஷிபானாவிடமே வந்து சொன்னார். ஷிபானா சரியென்றார்.

அடுத்த மாதம் பதினேழாம் முளையருகே, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சேதுராமன் குனிந்தார்.

"மூணு."

"மூணரைண்ணே. நல்லாப் பாருங்க."

"மறுபடி பிடி."

மூன்று தடவை அளந்தார்கள். காடு இறங்கியிருந்தது மூன்று சென்டிமீட்டர்தான். பிரேமிளா எழுதி முடிக்கும்வரை சேதுராமன் பென்சில் முனையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.