அத்தானின் ஈர்க்கில்

என் அக்காவின் கணவர் கனடாவில் சொந்தமாக ஒரு குட்டி விமானம் வைத்திருக்கிறார். ஒருநாள் தனியாகப் பறந்துகொண்டிருந்தபோது, இறங்கவேண்டிய இடம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், எண்ணெய் தீர்ந்து இயந்திரம் நின்றுவிட்டது. மனிதர் பதறாமல் ஓர் உருளைக்கிழங்குத் தோட்டத்தில் இறக்கிவிட்டார். மண்ணில் உருண்ட விமானத்தின் சில்லு உடைந்தது. அவருக்கு ஒரு கீறலும் இல்லை.

இங்கே மானிப்பாயில் எங்களுக்குச் செய்தி வந்தபோது அம்மா, "எண்ணெய் முடிஞ்சதுக்கே இந்தப் பாடு? பக்கத்து வீட்டிலை கொஞ்சம் வாங்கியிருக்கலாமே!" என்றார். அவர் நினைத்தது நல்லெண்ணெயை. இன்றைக்கும் எங்கள் வீட்டில் வடை சுட்டால் அத்தானுக்குத்தான் பகிடி.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "இனி அந்தப் பிளேனிலை நான் கால் வைக்கமாட்டன்" என்றவள் வைக்கவேயில்லை. அத்தானுக்கு அது பெரிய மனவருத்தம். மேலே இருந்து ஏரிகளைக் காட்டுவதற்குப் பக்கத்தில் ஆளில்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

இந்த முறை அக்காவோடு விடுமுறைக்கு ஊருக்கு வந்தவர் என் ஸ்கூட்டரைக்கூட விட்டுவைக்கவில்லை. நான் வெளியே கிளம்பும்போதெல்லாம் சீற்றைத் தூக்கி, பெற்றோல் மூடியைத் திறந்து, விளக்குமாற்றில் உருவிய ஓர் ஈர்க்கிலை உள்ளே விட்டுப் பார்ப்பார். "எண்ணெய் காட்டுற முள்ளை நம்பித்தான் நான் கிழங்குத் தோட்டத்துக்குப் போனனான்" என்பார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

அவர்கள் திரும்பிப் போவதற்கு முன் ஒரு விருந்து வைக்க நினைத்து, அக்காவும் நானும் மரக்கறி வாங்கச் சுன்னாகம் சந்தைக்குக் கிளம்பினோம். அத்தான் ஈர்க்கிலைத் தூக்கிக் காட்டினார்.

"நுனிதான் நனைஞ்சிருக்கு. போகாதையும்."

ஸ்கூட்டரின் முள் பாதியில் நின்றது. "அத்தான், இது பிளேன் இல்லை" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

வழியில் இணுவிலைக்கூடத் தாண்டவில்லை, ஸ்கூட்டர் நின்றுவிட்டது. முள் மட்டும் பாதியிலேயே இருந்தது. கொளுத்துகிற வெயிலில் தள்ளத் தொடங்கினோம். அக்கா வாய் ஓயாமல் என்னைத் திட்டிக்கொண்டு வந்தாள்.

பின்னால் சைக்கிள் மணி கேட்டது. அப்பாவின் பழைய சைக்கிளில் அத்தான், வியர்த்து வழிய வந்துகொண்டிருந்தார். புல் வெட்டும் மெசினுக்கு வைத்திருந்த பெற்றோலைச் சோடாப் போத்தலில் ஊற்றிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே எங்கள் பின்னால் மிதித்திருக்கிறார்.

அக்கா திட்டுவதை நிறுத்தினாள். "இஞ்சருங்கோ, நாங்கள் நிண்டுபோவம் எண்டு தெரிஞ்சோ வந்தனீங்கள்?"

"நிச்சயமாத் தெரியாது. நீர் ஏறிப் போனீர், அதுதான் வந்தனான்."

அக்கா அவர் முகத்து வியர்வையைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். பிறகு, "அங்கை போனதும் முதல் வேலையா என்னையும் பிளேனிலை ஏத்துங்கோ" என்றாள்.

ஆகாயத்தில் இயந்திரம் நின்றபோது பதறாத மனிதர் அப்போது பதறிப்போய்ப் போத்தலில் இருந்த பெற்றோலில் முக்கால்வாசியைத் தெருவில் ஊற்றிவிட்டார். மிச்சத்தைக் குடித்த ஸ்கூட்டர் இரண்டு தரம் முக்கிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சைக்கிள் கரியரில் ஏறி, அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்தாள். சந்தைப் பக்கம் இரண்டு பேரும் பறந்துவிட்டார்கள். பெற்றோல் இல்லாத ஸ்கூட்டரைத் தனியாகத் தள்ளிக்கொண்டு நடந்த எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோசம் கொஞ்சநஞ்சமில்லை.