அலுமினியமா இரும்பா என்று தொடங்கிய சந்தேகம்

இரண்டு வருடத்துக்கு முன், மாரி முடிந்த கையோடு உரும்பிராயில் எங்கள் வீட்டு முற்றத்தில் நடந்தது இது.

என் கணவருக்குக் காருக்குப் பின்னால் பூட்டி இழுக்கிற ஒரு சின்ன டிரெயிலர் செய்ய ஆசை. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், பின்கதவைத் திறந்தால் அடுப்பு. கடற்கரை கடற்கரையாகத் தங்கிப் போகலாம் என்பார். கேற், கோழிக்கூடு எல்லாம் தானே வெல்டிங் வைத்து ஒட்டிச் செய்கிற மனிதர். சட்டத்துக்கு இரும்புதான் என்று முதலில் உறுதியாக நின்றார். "இரும்பெண்டால் எங்களுக்குப் பிறகும் கிடக்கும்" என்றார்.

திடீரென்று ஒருநாள் அலுமினியம் என்றார்.

காரணம் கேட்டேன். "பாரம் குறைய வேணும். நீர் தனியத் தூக்கிக் காரிலை கொளுவக் கூடியதா இருக்கோணும்."

நான் ஏன் தனியக் கொளுவ வேண்டும்? அந்த இடத்தில்தான் எனக்கு உறுத்தத் தொடங்கியது.

கோப்பாயில் தெரிந்த ஒட்டுக்கடைக்காரரிடம் போனோம். "அக்கா, அலுமினியத்தை ஒட்டினா எங்கடை ரோட்டுக் குலுக்கலுக்கு மூட்டிலை வெடிக்கும்" என்றார் அவர். பிறகு இருவரும் பேசி, அடிச்சட்டத்துக்கு மெல்லிய ஜி.ஐ. இரும்புக் குழாய், மேற்கூட்டுக்கு மட்டும் அலுமினியம், அதையும் ஒட்டாமல் போல்ற் போட்டு முறுக்குவது என்று முடிவானது. அடிச்சட்டத்தை ஒட்டும் வேலையையும் என் கணவர் அந்தக் கடைக்கே கொடுத்துவிட்டார். தன் வேலையில் இன்னொருவர் கைவைத்தால் முகம் சுளிக்கிறவர் அவர். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தொலைபேசி வந்தால் கிணற்றடிக்குப் போய்க் கதைத்தார். நான் கிட்டப் போனால் "பிறகு எடுக்கிறன்" என்று வைத்தார். பழைய படகுக் குழாய் பார்க்கப் போகிறேன் என்று அடிக்கடி குருநகருக்குப் போனார். ஒருமுறைகூட ஒரு துண்டுக் குழாய் வீட்டுக்கு வரவில்லை. அவர் போய் வந்த அன்றெல்லாம் சட்டையில் ஏதோ எண்ணெய் மணம்.

எங்கள் ஒழுங்கையில் ஒருவர், மனைவிக்கே சொல்லாமல் ஏஜென்சிக்காரனைப் பிடித்து வெளிநாடு போனவர். வீட்டுக் காரியங்களை எல்லாம் அவளுக்குப் பழக்கிவிட்டுத்தான் போனார். எனக்கு வேறு என்ன தோன்றும்? அவர் குளிக்கிற நேரம் பார்த்து அலுமாரியைத் திறந்தேன். பாஸ்போட் இருந்த இடத்திலேயே இருந்தது. அப்போதும் நெஞ்சு ஆறவில்லை.

கடைசியில் ஒரு பின்னேரம், மேற்கூட்டைப் பூட்டும்போது நான் அலுமினியச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் போல்ற்றை முறுக்கினார். ஸ்பானர் கீழே விழுந்தது. எடுத்தார், மறுபடி விழுந்தது. இடக்கைக்கு மாற்றினார். என் மனமோ அதிலெல்லாம் இல்லை. இத்தனை நாளும் அடக்கியது வாய்க்கு வந்துவிட்டது.

"நீங்கள் என்னை விட்டிட்டு வெளியிலை போற எண்ணமோ?"

அவர் ஸ்பானரை நிலத்தில் வைத்தார். "வெளியிலையோ? இந்தக் கையாலை ஒரு தேத்தண்ணிக் கோப்பை பிடிக்கேலாமல் கிடக்கு."

பிறகு மெதுவாகச் சொன்னார். வலக்கை மாதக்கணக்காக விறைத்து வந்ததாம். அவருடைய அப்பா கடைசிக் காலம் முழுக்கப் பாரிசவாதத்தில் படுக்கையில் கிடந்தவர். தனக்கும் அதுதான் என்று பயந்து, குருநகரில் நாட்டு வைத்தியம் செய்கிற ஒரு பரியாரியாரிடம் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். தொலைபேசியில் கதைத்ததும் அவரோடுதான். அலுமினியம் என்று மாறியதும், ஒட்டு வேலையைக் கடைக்குக் கொடுத்ததும் அந்தக் கையால்தான்.

"எனக்கேன் சொல்லேல்லை?"

"சொன்னால் அது உண்மையாப் போயிடும் எண்டு பயம்."

அடுத்த நாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கழுத்தெலும்புக்குள் நரம்பு நசிகிறது, அப்பாவுக்கு வந்த வருத்தம் இல்லை என்றார்கள். இன்னும் சுணங்கியிருந்தால் கை திரும்பியிராது என்று டாக்டர் அவரைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துத்தான் சொன்னார். சத்திரசிகிச்சை முடிந்து, பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. அந்த ஆடியில் டிரெயிலரைக் கீரிமலைக் கடற்கரையில் நிறுத்தி, பின்கதவு அடுப்பில் அவரே எனக்குத் தேத்தண்ணீர் போட்டுத் தந்தார்.

நான் பட்ட சந்தேகம் முழுக்கப் பிழை. ஆனாலும் அதை இன்னும் ஒரு மாதம் நெஞ்சுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தால் அந்தக் கை என்னவாகியிருக்கும் என்று நினைக்க இன்றைக்கும் எனக்குத் துணிவு வருவதில்லை.