38400 என்று சொன்ன திரை

திரையில் வேகம் 38400 என்று இருந்தது. போனில் மச்சான் 115200 என்றார். இரண்டில் ஒன்று பொய்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பேன். ராஜபாளையத்தில் மச்சான், அதாவது என் அக்காள் புருஷன், அச்சடிப்பார். நடுவில் ஒரு போன் கம்பி. இரண்டு முனையிலும் லினக்ஸ் கணினி, தொண்டையைக் கனைத்துக் கீச்சிடும் மோடம். ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்து வந்தவர் மச்சான், ஏற்பாடெல்லாம் அவருடையது. கணினியிலிருந்து மோடத்துக்குப் போகும் சீரியல் போர்ட் மெதுவாக இருந்தால் மோடம் சும்மா காத்துக்கிடக்கும் என்று, என் கடைக்கே வந்து வேகத்தைக் கூட்டி வைத்துவிட்டுப் போனார்.

ஆனாலும் கோப்பு ஊர்ந்தது. முகூர்த்த மாதம். பத்திரிகை தாமதமான இரண்டு வீட்டார், "நேரா ராஜபாளையத்துலயே குடுத்துக்கிடுதோம்" என்று போய்விட்டார்கள். இன்னும் சிலர் போனால் நான் கடையைச் சாத்த வேண்டியதுதான். போனவர்கள் போய்ச் சேர்ந்ததோ மச்சான் கடை. சந்தேகத்துக்கு அது போதாதா?

பஸ் ஏறினேன். வலப்பக்கம் மலை கூடவே வந்தது, அதையும் நம்பவில்லை.

அவர் கணினியிலும் அதே 38400.

"உங்க மிஷின்லயும் இதான நிக்கி, மச்சான்?"

"அது கூப்பிடுத பேரு மாப்ள. பழைய புரோகிராமுக்கு அதுக்கு மேல கேக்கத் தெரியாது. அது 38400 கேட்டா நீ 115200 குடுன்னு போர்ட்டுகிட்ட சொல்லி வச்சிருக்கேன். ஆறடி இருக்கேன், எங்க வீட்ல இன்னும் சின்னவன்னுதான கூப்பிடுதாக."

"போர்ட்டுகிட்ட சொன்னீக. எங்கிட்ட சொல்லலியே."

"சொன்னா நம்பிருவியாக்கும்."

'செட்சீரியல்' என்று தட்டி, போர்ட்டிடமே விசாரித்தார். உயர்வேகத்துக்கான குறி வந்தது. "அப்ப என் மிஷின்லயும் வந்து கேளுங்க" என்று கையோடு அழைத்து வந்தேன்.

என் கணினியில் அந்தக் குறி இல்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கடை சாத்தும்போது என்ன செய்வ?"

"பிளக்கை எல்லாம் புடுங்கிருவேன். மலையில இடி விழுந்தா மோடம் போயிரும்லா."

"அதான். கையால சொன்னது, அணைச்சா மறந்துபோகும். நான் அணைக்கிறதே இல்ல, எனக்கு அது தோணல."

கணினி விழிக்கும்போதே படிக்கும் கோப்பில் அந்த வரியை எழுதினார். அணைத்து எழுப்பிக் காட்டச் சொன்னேன். மறுபடியும் காட்டச் சொன்னேன். அதற்கப்புறம்தான் டீ. பிறகு, காத்திருந்த பத்திரிகையை அனுப்பினேன். மோடம் கம்பியை விட்டதும் அக்காள் போனில் கூப்பிட்டாள்.

"வந்திட்டுலே. அச்சு பிளேட்டுக்குக் குடுத்தாச்சு. அவியள சாப்பிட வரச் சொல்லு."

அன்றிலிருந்து காலையில் கடை திறந்ததும் முதல் வேலை போர்ட்டை விசாரிப்பது. போன இரண்டு வீட்டாரில் ஒருவர் திரும்பி வந்தார். மற்றவர் வீட்டுப் பத்திரிகை அழைப்பாகவே என் கைக்கு வந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஓரம், எழுத்து, இடைவெளி எல்லாம் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. வடிவமைக்கவும் தெரியும் என்பதை மச்சான் இத்தனை நாள் எந்தக் கோப்பில் வைத்திருந்தார்?