குழு அவிழ்த்துவிட்ட கயிறு

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் வட்டாரத்துக்குக் குழந்தைகள், குடும்ப நல ஆலோசனைக் குழு என்று ஒன்று அமைத்தார்கள். அதில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டுமாம். மாதர் சங்கத் தலைவி என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள். நானும் மாங்கு மாங்கென்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் பஸ் ஏறி நாமக்கல் போனேன். பேசுவோம், காபி குடிப்போம், மேலிடத்துக்குப் பரிந்துரை செய்வோம். அந்த மேலிடம் எங்கே இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒருநாள் குழுவோடு ஜீப்பில், எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருந்த ஜவ்வரிசி ஆலையைப் பார்க்கப் போனோம். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்குப் பின்னால் தூணில் பழைய சேலைக் கிழிசலைத் திரித்துக் கட்டியிருந்தது. அதன் மறுமுனை அவளுடைய பெண் குழந்தையின் இடுப்பில். அப்போதுதான் ஓடப் பழகியிருக்கும். டப்பா மூடி ஒன்றைத் தரையில் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி, அரைத்த கிழங்கின் மாவுப்பால் தேங்கும் ஆழமான தொட்டி, சுற்றிலும் தடுப்பு என்று எதுவும் கிடையாது.

குழுத் தலைவர் ஓய்வுபெற்ற தாசில்தார். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "இதென்ன குழந்தையா, கன்னுக்குட்டியா? அவிழ்த்து விடும்மா!"

"தொட்டி இருக்குதுங்க சாமி. ஊட்டுல பாத்துக்க ஆளில்லீங்க" என்றாள் அவள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அவுத்து உட்டா அது நேரா தொட்டிக்குத்தானுங்க போகும். மொதல்ல இங்க ஒரு பால்வாடிக்கு வழி பண்ணுங்க" என்றேன்.

"அதையும் பரிந்துரைப்போம்மா" என்று சாந்தமாகச் சொன்னார். பிறகு குனிந்து, தன் கையாலேயே முடிச்சை அவிழ்த்தார். கூட வந்தவர்கள் திருப்தியாகத் தலையாட்டினார்கள். குழந்தை ஓட்டம் பிடித்தது. அவள் கத்தியைப் போட்டுவிட்டு அலறிக்கொண்டு பின்னால் ஓடினாள். நாங்கள் ஜீப்பில் ஏறிவிட்டோம்.

ஆலைக்காரர் பயந்துபோனார். ஆபீசர்கள் வந்துபோகிற இடம், இனிமேல் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்தால் வேலை கிடையாது என்று அவளிடம் கண்டித்துச் சொல்லிவிட்டாராம். பால்வாடியைப் பற்றி ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டேன். "மேலே போயிருக்கும்மா" என்பார் தலைவர். போனது போனதுதான்.

அவள் குழந்தையை என்னதான் செய்கிறாள்? மனசு கேட்காமல் ஒருநாள் அவள் குடிசைக்குப் போனேன். கதவில் பூட்டு தொங்கியது. உள்ளே தொண்டை கட்டிப்போன அழுகை.

"கண்ணு, அழுவாத சாமி, இங்க வா" என்றேன். கதவுக்கடியில் கொஞ்சம் சந்து இருந்தது. என் பையிலிருந்த முறுக்கை ஒடித்து அதில் நுழைத்தேன். சின்ன விரல்கள் வந்து எடுத்துக்கொண்டன. கடிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் கதவைத் தட்டிக்கொண்டு "அம்மா, அம்மா" என்று என்னையே கூப்பிட ஆரம்பித்தது. அட கடவுளே! வட்டாரத்துக் குழந்தைகளுக்கெல்லாம் ஆலோசனை சொல்கிற குழுவில் நான் ஒரு உறுப்பினர். ஒரு பூட்டைத் திறக்க எனக்கு வக்கில்லை. மண்ணில் உட்கார்ந்து அழுதேன்.

சோற்று நேரத்துக்கு அவள் ஓட்டமும் நடையுமாக வந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. கதவைத் திறந்து, நனைந்து கிடந்த குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள்.

"கும்புடறேனுங்கம்மா. பூட்டி வெச்சத உங்க கமிட்டியில மட்டும் சொல்லிப்போடாதீங்க. அப்பறம் இதையும் தொறந்து உட்டுட்டுப் போயிருவாங்க."

சொல்லமாட்டேன் என்றேன். அவள் குழந்தைக்கு அவசர அவசரமாகச் சோறு ஊட்டி, உள்ளே விட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு ஆலைக்கு ஓடினாள்.