நாற்பத்தொரு நொடி

என் மனைவி தீயை அணைத்தவள் இல்லை. அடுப்பைத் தவிர வேறு எதையும் அவள் தன் கையால் அணைத்ததாக எனக்கு நினைவில்லை. அதையும் பல நாள் மறந்துவிடுவாள், நான்தான் ஓடிப்போய் அணைப்பேன். தீயை அணைப்பவர்கள் எவ்வளவு சீக்கிரம் கிளம்புகிறார்கள், போகிற வழியில் கைகால் ஒடியாமல் போகிறார்களா என்று கண்காணிப்பதுதான் அவள் வேலை. மண்டலத் தீயணைப்பு மீட்புப் பணி அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், கழிப்பறைக்கு எதிரே, ‘செயல்திறன் மற்றும் பாதுகாப்புக் கண்காணிப்புப் பிரிவு’ என்று ஒரு பலகை தொங்கும். பலகைதான் நீளம். பிரிவில் அவள் ஒருத்திதான்.

அவள் போய் இரண்டு மாதம் ஆகிறது. அலுவலகத்தில் ஓர் இரங்கல் குறிப்பு ஒட்டினார்கள். ‘கடமை தவறாதவர்’ என்று அதில் இருந்தது. பொய்யில்லை. ஆனால் அதைப் படித்தால் அவள் எப்படிப்பட்டவள் என்று யாருக்கும் தெரியாது. சந்தைத் தீயணைப்பு நிலையத்தில் நடந்ததைச் சொன்னால் ஓரளவு தெரியும்.

நிலையங்களில் அவளுக்கு நொடியம்மா என்று பெயர். கழுத்தில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். வீட்டுக்கும் அதே கழுத்தோடுதான் வருவாள். அழைப்பு மணி அடித்து நான் கதவைத் திறந்தால், ‘இருபத்தாறு’ என்றுதான் உள்ளே நுழைவாள். அவள் தம்பி ஒருமுறை என்னிடம் சொன்னான்: “மாமா, அக்காவைக் கட்டிக்கச் சம்மதம்னு நீங்க எத்தனை நொடியில சொன்னீங்கன்னு ஒரு நோட்டுல இருக்கும், தேடிப் பாருங்க.” அவள் பக்கத்து அறையிலிருந்து, “அவர் சொல்லவே இல்லடா, தலையைத்தான் ஆட்டினாரு. அதைக் கணக்குல சேர்க்கிறதில்லை” என்றாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அழைப்பு வந்ததும் எப்போது கிளம்பினோம் என்று நிலையங்கள் எழுதும் இடத்தில் எல்லாரும் ‘உடனடியாக’ என்றே எழுதியிருந்தார்கள். உடனடி என்றால் எவ்வளவு நேரம் என்று ஒரு நிலைய அலுவலரைக் கேட்டிருக்கிறாள். “டீ குடிச்சு முடிச்ச உடனே மேடம்” என்றாராம். அன்றைக்கே தீர்மானித்துவிட்டாள். எட்டு நிலையங்களின் வாசலிலும் தரையில் மஞ்சள் கோடு ஒன்று போட வைத்தாள். மணி அடித்த நேரத்தையும், வண்டியின் முன்சக்கரம் கோட்டைத் தாண்டிய நேரத்தையும் வாசல் பணியில் இருப்பவர் எழுத வேண்டும். அறுபது நொடிக்குள் தாண்டினால் அவள் அறைச் சுவரில் இருந்த அட்டவணையில் பச்சை. மீறினால் சிவப்பு.

சந்தை நிலையம் எப்போதும் சிவப்பு. எழுபது, எழுபத்தைந்து, எழுபத்திரண்டு. காரணம் எல்லாருக்கும் தெரியும். அங்கே பம்பு இயக்குபவருக்கு ஐம்பத்து மூன்று வயது, பட்டப்பெயர் பீப்பாய். பெயர் வைத்தவர்கள் மிகைப்படுத்தவில்லை. ஆனால் பம்பு அவர் சொன்னபடி கேட்கும். பம்பு இருமினால் பீப்பாய்க்குத் தும்மல் வரும் என்பார்கள்.

புதிதாக வந்த மண்டல இயக்குநர் அட்டவணையைப் பார்த்துவிட்டு ஓர் உத்தரவு போட்டார். இன்னும் மூன்று மாதம் அறுபதைத் தாண்டும் நிலையத்தில், வண்டியில் போகிறவர்களில் மூத்தவரை அலுவலகப் பணிக்கு மாற்ற வேண்டும். சந்தை நிலையத்துக்கு அந்தக் கடிதத்தை அனுப்பியவளே இவள்தான். பீப்பாய் தொலைபேசியில் அழைத்தார்.

“மேடம், என்னை ஆபீசுல உக்கார வைக்கிறதுக்கு, என்மேலயே தண்ணியடிச்சு ரோட்டுல தள்ளிடுங்க.”

“மூணு மாசம் இருக்கே. வேகமா ஏறப் பாருங்க.”

“நான் வேகமாத்தான் ஏறுறேன். உடம்புதான் பின்னால வருது.”

அடுத்த மாதம் சந்தை நிலையம் நாற்பத்து நான்கு நொடி. அதற்கடுத்த மாதம் நாற்பத்து மூன்று. எட்டு நிலையங்களில் முதலிடம். இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை. ‘சந்தை நிலைய முறை’யை எட்டு நிலையங்களிலும் கட்டாயமாக்கப் போவதாகவும், அது என்ன முறை என்று பார்த்து மூன்று பக்கம் எழுதித் தரும்படியும் சொன்னார். அன்று மாலை அவள் என்னிடம், “பீப்பாய் காலையில ஓட ஆரம்பிச்சிருக்காரு போல, பாருங்களேன்!” என்று சந்தோஷப்பட்டாள்.

மறுநாள் போனாள். வழக்கம்போல மஞ்சள் கோட்டருகே குனிந்து நின்றாள். மணி அடித்தது. வண்டி சீறிக்கொண்டு வந்து கோட்டைத் தாண்டி, மதில் ஓரமாக இடப்பக்கம் திரும்பி மறைந்தது. நாற்பத்தொரு நொடி. இவள் எழுதிக்கொண்டு நிமிர்ந்தபோது கைப்பையின் வார் அறுந்தது. மதில் முனையில் ஒரு தையல்கடை இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அங்கே போனாள்.

தையல்காரர் வாரை வாங்கிப் பார்த்தார். பிறகு அவள் கழுத்தில் ஸ்டாப்வாட்ச்சோடு தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தார்.

“நீங்க தீயணைப்பு ஆளாம்மா? அப்ப உங்க ஆளுங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. வண்டியைக் கொண்டாந்து என் கடை வாசல்லதான் நிறுத்துறாங்க. தைக்கக் கொடுக்க வர்றவங்க என் கடைதான் எரியுதுன்னு திரும்பி ஓடுறாங்க.”

“எதுக்கு இங்க நிறுத்துறாங்க?”

“ஏறுறதுக்குத்தான். பின்ன, டிரைவர் ஒருத்தரே போய் அணைப்பாரா? அந்தச் சின்னக் கதவு வழியா ஓடி வருவாங்க. ஒரு பெரியவர் வருவாரு, கொஞ்சம் வசதியான உடம்பு. அவர் ஏறி முடிக்கிறதுக்குள்ள நான் ரெண்டு பட்டன் தைச்சிடுவேன். போன வாரம் அவர் ஏறுறதுக்கு முன்னாடியே வண்டி நகர்ந்துருச்சு. கம்பியைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டே போனாரு. பார்த்துக்கிட்டே இருந்ததுல எனக்கு விரல்ல ஊசி ஏறிருச்சு.” விரலையும் நீட்டிக் காட்டினார்.

இத்தனை வருடமும் அவள் சக்கரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டிக்குள் ஆட்கள் இருக்கிறார்களா என்று ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

வண்டி நிலையத்துக்குத் திரும்பும்வரை காத்திருந்தாள். பிறகு தையல்காரரின் முக்காலியில் உட்கார்ந்தபடியே நிலையத்துக்குப் போன் போட்டு, திடீர் ஒத்திகை என்று மணியை அடிக்கச் சொன்னாள். வண்டி வந்து கடை வாசலில் நின்றது. டிரைவர் மட்டும் இருந்தார். மதிலில் இருந்த சின்னக் கதவு திறந்து மூன்று பேர் ஓடி வந்தார்கள். கடைசியில் பீப்பாய், ஒரு பூட்ஸ் காலிலும் ஒரு பூட்ஸ் கையிலுமாக. ஏறப்போனவர் முக்காலியில் இருப்பவளைப் பார்த்து அப்படியே நின்றார்.

“எண்பத்து மூணு. நீங்க இன்னும் ஏறலை” என்றாள்.

பீப்பாய் மூச்சு வாங்கிக்கொண்டு, “மேடம்… ஏதாவது தைக்கக் கொடுக்க வந்தீங்களா?” என்றார்.

நிலையத்துச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தார்கள். நிலைய அலுவலர் உப்பு டப்பாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். டிரைவர்தான் பேசினார்.

“ரெஜிஸ்டர்ல நாங்க ஒரு பொய்யும் எழுதலை மேடம். முன்சக்கரம் கோட்டைத் தாண்டின நேரம்னு இருக்கு. தாண்டுச்சு. எழுதினோம். ஆளும் தாண்டணும்னு எங்க இருக்கு?”

அந்த வரி அவளே எழுதியது.

“இவனுங்க எனக்காகப் பண்ணிட்டானுங்க” என்றார் பீப்பாய். “என் பேரை மட்டும் எழுதிக்கிட்டுப் போங்க.”

“அண்ணே, நீங்க சும்மா இருங்க. நீங்க ஆபீசுக்குப் போயிட்டா அந்தப் பம்புகூட யாரு குடும்பம் நடத்துறது?” என்றார் டிரைவர்.

வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். என்ன எழுதப் போகிறாய் என்று கேட்டேன்.

“பார்த்ததைத்தான்.”

“அப்ப பீப்பாய்?”

“போயிடுவாரு.” கழுத்து ஸ்டாப்வாட்சைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, “மறைச்சேன்னா எட்டு ஸ்டேஷன்லயும் ரோட்டுல ஓடி ஓடி ஏறுவாங்க. ஒருநாள் யாராவது சக்கரத்துக்கு அடியில போவாங்க. அன்னைக்கும் என் சுவத்துல பச்சையாத்தான் இருக்கும்” என்றாள்.

எழுதுவதற்கு முன்பு மறுபடியும் அங்கே போனாள். இந்த முறை வாசலில் நிற்கவில்லை. உள்ளே பீப்பாய்க்குப் பின்னாலேயே நடந்து அவர் வைக்கும் அடிகளை எண்ணினாள். மற்றவர்களுக்குப் பன்னிரண்டு அடி. அவருக்கு முப்பத்தொன்று. அந்த நிலையத்து வழக்கம் ஒன்றுதான் காரணம்: மேலங்கி மாட்டும் கொக்கிகளில் முதலாவது மூத்தவருக்கு. அலுவலர் அறைக் கதவை ஒட்டி, பித்தளையில், கௌரவமாக இருந்தது அந்தக் கொக்கி. ஆனால் அவர் உட்காரும் இடமோ வண்டிக்கு மறுபக்கம். ஒவ்வொரு அழைப்புக்கும் மனிதர் வண்டியை ஒரு வலம் வந்து கொண்டிருந்தார்.

“உங்க கொக்கியை அந்தக் கடைசிக்கு மாத்திக்குங்க” என்றாள்.

பீப்பாயின் முகம் சுருங்கிவிட்டது. “இருபத்தெட்டு வருஷம் கழிச்சு நான் கடைசிக் கொக்கியா மேடம்? நேத்து வந்தவன் மாட்டுற கொக்கி அது.”

“கொக்கி வேணுமா, வண்டி வேணுமா?”

அவர் மேலங்கியைக் கழற்றி, யாரையும் பார்க்காமல், கடைசிக் கொக்கியில் மாட்டினார். ஒத்திகை நடந்தது. எல்லாரும் வண்டிக்குள் உட்கார்ந்து, கடைசி ஆளின் பெல்ட் மாட்டிய சத்தம் கேட்ட பிறகே இவள் பொத்தானை அமுக்கினாள். அறுபத்து நான்கு.

“நாலே நொடிதானே மேடம்” என்றார் டிரைவர். “கொஞ்சம் மெதுவா எண்ணக் கூடாதா?”

“நான் எண்ணலைப்பா. இதுதான் எண்ணுது.”

ஒரு நிலையத்தை மட்டும் புது முறையில் அளந்தால் நியாயமில்லை என்று, அடுத்த பத்து நாளில் மற்ற ஏழு நிலையங்களிலும் சொல்லாமல் போய் இதேபோல அளந்தாள். எல்லா இடத்திலும் ஆட்கள் ஓடுகிற வண்டியில்தான் பூட்ஸ் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெல்ட் என்று ஒன்று இருப்பதை இரண்டு நிலையங்களில் இவள் சொல்லித்தான் தேடி எடுத்தார்கள். ஒன்று இருக்கைக்கு அடியில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. எழுபத்தொன்பது, எண்பத்தெட்டு, தொண்ணூற்று நான்கு. மிகக் குறைந்தது அறுபத்தொன்று. அடுத்தது சந்தை நிலையம். எட்டும் சிவப்பு.

அட்டவணையைச் சுருட்டிக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனாள். சந்தை நிலையத்தில் நடந்ததையும், அதற்கு வழிவிட்டது தான் எழுதிய விதிதான் என்பதையும் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தாள். அவர் படித்தார். பிறகு அட்டவணையை விரித்தார்.

“என்னம்மா இது, ஒரே ரத்தக்களரியா இருக்கு? பழைய மாதிரியே அளந்தா என்ன?”

“அளக்கலாம் சார். வண்டியில ஆள் இருக்கணும்னு கட்டாயமில்லைன்னு ஒரு வரி சேர்த்து, நீங்க கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டா போதும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“அறுபதைத் தாண்டினா மூத்தவரை ஆபீசுக்கு மாத்தணும்னு நானே உத்தரவு போட்டிருக்கேன். இப்படியே போனா எட்டு ஸ்டேஷன்லயும் மாத்தணுமே.”

“ஆமா சார். என் ரூம்ல ரெண்டு பேர் உக்காரலாம். மீதி ஆறு பேருக்கு நீங்கதான் இடம் பார்க்கணும்.”

“எட்டு பம்பு ஆபரேட்டரும் இங்க வந்து உக்காந்துட்டா, தீயை யாரும்மா அணைப்பா?”

“அதுக்கு ஏதும் விதி இல்லை சார்.”

அட்டவணையைத் திரும்பச் சுருட்டி அவளிடம் நீட்டிவிட்டு அவர் மாற்றல் உத்தரவை ரத்து செய்தார். சந்தை நிலையத்தாருக்கு ஒரு கண்டனக் கடிதம் மட்டும் அனுப்பச் சொன்னார். விதி எழுதியதற்காக இவளுக்கும் ஒன்று. இரண்டையும் அவளே தட்டச்சு செய்தாள். தன் கடிதத்தில் இருந்த இரண்டு பிழைகளைத் திருத்திக்கொண்டதாக என்னிடம் சொன்னாள்.

பிறகு தன் அறைக்குப் போய்ச் சந்தை நிலையத்துக்குப் போன் செய்திருக்கிறாள். பீப்பாய்தான் எடுத்தாராம்.

“உத்தரவு ரத்தாயிடுச்சு. நீங்க வண்டியிலேயே இருக்கலாம்.”

மறுமுனையில் சத்தமே இல்லை. மனிதர் அழுகிறாரோ என்று இவள் பயந்திருக்கிறாள். “கேக்குதா?” என்றாள்.

“கேக்குது மேடம்… மேடம், இருங்க, மணி அடிக்குது!”

ரிசீவர் மேசையில் விழுந்தது. பூட்ஸ் சத்தம், யாரோ யாரையோ திட்டும் சத்தம், எஞ்சின். பிறகு வெறும் அறையின் அமைதி. ரிசீவரை வைக்க அங்கே ஆள் இல்லை. இவளும் வைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வாசல் பணியில் இருந்தவர் உள்ளே வந்து எடுத்தார்.

“யாருங்க?”

“நான்தான். எல்லாரும் உள்ள ஏறிட்டாங்களா?”

“ஏறிட்டாங்க மேடம். அண்ணன் பெல்ட் போட்டதையும் பார்த்துட்டேன்.”

“எத்தனை?”

“அறுபத்தாறு மேடம். அறுபதுன்னு போட்டுக்கட்டா?”

“அறுபத்தாறுன்னே எழுதுப்பா” என்று சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தாள்.