பரீட்சை மகளுக்கு, தூக்கம் எனக்கு

மூன்று வருடங்களுக்கு முன்பு, கொச்சி மட்டாஞ்சேரியில், மழை விட்டு லேசாக வெயில் எட்டிப் பார்த்த ஒரு மதியம் நடந்தது இது. என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது.

எங்களுக்கு ராஜபாளையம் பக்கம். கணவருக்கு ஃபோர்ட் கொச்சியில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. எனக்கும் ஒரு மசாலா ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். ஊரிலிருந்து வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்ள எங்களுக்கு ஆள் கிடையாது.

டே கேர் தேடி அலையாத இடமில்லை. மலிவாக ஓர் இடம் இருந்தது. செங்குத்தான மரப்படி ஏறிப் போனால் மாடியில் பிள்ளைகள் வரிசையாக டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். லைசன்ஸ் இருக்கிறதா என்று கேட்டேன். சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இடப்பள்ளியில் ஒன்று அரண்மனை மாதிரி இருந்தது, கட்டணமும் ராஜா வீட்டுப் பிள்ளைகளுக்கானது. கடைசியில் பார்த்தால் எங்கள் பக்கத்துத் தெருவிலேயே, கிடங்குகளுக்குப் பின்னால், காயல் தண்ணீரை ஒட்டி ஒன்று இருக்கிறது! வாசலிலேயே லைசன்ஸைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். மதியம் மூன்று மணிக்குள் அழைத்துப் போனால் கட்டணம் குறைவு. பிள்ளையை அழைத்து வருவதற்காகக் கணவர் யார் யார் காலிலோ விழாத குறையாகக் கெஞ்சிக் காலை ஷிஃப்டுக்கு மாறினார். ஆனால் காலியாக இருந்தது ஒரே ஒரு இடம். அதற்கு இன்னொரு குடும்பமும் காத்திருந்தது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. சேர்ப்பதற்கு முன்னால் பிள்ளை ஒரு மதியம் அங்கே தூங்கிக் காட்ட வேண்டும். அம்மா பக்கத்தில் படுத்துத் தூங்க வைக்கலாம். பிள்ளை கண்ணசந்ததும் வெளியே வந்துவிட வேண்டும். விழித்துப் பார்த்து அம்மாவைத் தேடும்போது ஆயாவிடம் சமாதானமானால்தான் இடம். என் மகளோ, அப்பா தூக்கினாலே ஊரைக் கூட்டுபவள்.

அந்த ஆயா, கொச்சியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். எல்லோரையும் போல நானும் சேச்சி என்றே கூப்பிட்டேன். "பேடிக்காதே மோளே. குட்டி உறங்கினதும் பைய எழுந்து வந்துடு, கேட்டியா?" என்று காதோடு தைரியம் சொல்லிவிட்டுப் போனார்.

அரை இருட்டு அறை. பாயில் வரிசையாகக் குழந்தைகள். சாத்திய ஜன்னல் இடுக்கு வழியாகக் காயலின் வெளிச்சம் கூரையில் நெளிந்துகொண்டிருந்தது. எங்கிருந்தோ சுக்கு வாசனை. தூரத்தில் ஒரு படகு விட்டுவிட்டுக் கூப்பிட்டது. மகளைத் தட்டிக்கொண்டே மெதுவாகப் பாடினேன். அவள் கண் கொட்டாமல் கூரையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். வெளிச்சம் கூரையிலிருந்து இறங்கிப் பாய்க்கு வந்தது போலவும், நாங்கள் எல்லோரும் பாயோடு மிதந்து போவது போலவும் இருந்தது. என் பாட்டு வேறு யாரோ பாடுவது மாதிரி கேட்டது. அப்புறம் அதுவும் கேட்கவில்லை.

கண் விழித்தபோது அறையில் யாருமே இல்லை. மற்ற பாய்களையெல்லாம் சுருட்டி வைத்திருந்தார்கள். என் தலைக்கு அடியில் வாத்துப் படம் போட்ட குட்டித் தலையணை. என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்திருந்தார்கள். மகளைக் காணோம். தலைமுடி கலைந்தது கலைந்தபடி ஓடினேன்.

வராந்தாவில் சேச்சியின் மடியில் உட்கார்ந்து வேகவைத்த நேந்திரம்பழம் தின்றுகொண்டிருந்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள். திரும்பவும் பழத்தைப் பார்த்தாள். சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கு அழுகைதான் வந்தது.

பொறுப்பாளர் டீச்சர் கண்டிப்பானவர். "அம்மா உள்ளே இருந்தாச்சே. இது கணக்கில் வராது கேட்டோ" என்றார். திங்கட்கிழமை வேலை கைநழுவிப் போனது என்று நினைத்தேன். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தூங்கியது நான்தானே.

சேச்சி பழத்தைப் பிட்டு ஊட்டிக்கொண்டே சொன்னார்: "ஆளு உள்ளதான் இருந்துச்சு டீச்சர். குட்டி ரெண்டு தடவை அம்மான்னு விளிச்சுது, குலுக்கியும் பார்த்துது. அம்மா அனங்கலை. பின்னே என்கிட்ட கையை நீட்டிடுச்சு. இதுக்கு மேல என்ன பரீட்சை?"

பிள்ளை கூப்பிட்டும் எழுந்திருக்காத அம்மா என்பது எனக்கு நறுக்கென்று குத்தியது. டீச்சர் என் முகத்தையும் கலைந்த தலையையும் பார்த்தார். என்ன நினைத்தாரோ, சிரித்துவிட்டார். "திங்கட்கிழமை கொண்டு வா" என்றார்.

கிளம்பும்போது சேச்சியிடம், என்னை ஏன் எழுப்பவில்லை என்று கேட்டேன். "எழுப்பத்தான் வந்தேன் மோளே. முகத்தைப் பார்த்தப்போ மனசு வரலை" என்றார்.

இப்போது மகள் பள்ளிக்குப் போகிறாள். நானும் அதே அலுவலகத்தில்தான் இருக்கிறேன். அந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று யாராவது கேட்டால் படிப்பையும் அனுபவத்தையும் சொல்கிறேன். உள்ளுக்குள் எனக்குத் தெரியும்: பிள்ளை பெற்ற நாளிலிருந்து யாரும் என்னை எழுப்பாமல் விட்ட ஒரே மதியம் அதுதான், அந்தத் தூக்கத்தின் தெம்பில்தான் இன்னும் நடந்துகொண்டிருக்கிறேன்.